'தௌ'வா 'யூ'வா, 'ஹென்ஸ்'ஸா 'வென்ஸ்'ஸா: பழைய ஆங்கிலச் சொற்களில் எதை எடுப்பது?

ஒரே வாரத்தில் மூன்று பேர் மூன்று கேள்விகளோடு வந்தார்கள். ஒருவர் தம் பாட்டனார் எழுதிய முருகன் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கிறார். முருகனை, 'நீ' என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல்லான 'தௌ' என்பதா, இன்றைய 'யூ' என்பதா என்று தெரியாமல் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். இன்னொருவர் கல்லூரி விழாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் அரசவைக் காட்சி எழுதுகிறார். 'எங்கிருந்து வருகிறாய்?' என்று அரசன் தூதனைக் கேட்கவேண்டும். அங்கே 'விதர்' வருமா, 'வென்ஸ்' வருமா என்பது அவர் சிக்கல். மூன்றாமவர் கையில் ஒரு வாடகை ஒப்பந்தம். வரிக்கு வரி வரும் 'ஷல்' அனைத்தையும் 'வில்' என்று மாற்றினால் என்ன கெட்டுவிடும் என்கிறார்.

மூவர் மனத்திலும் ஒரே எண்ணம் ஓடுவது தெரிந்தது. பழைய சொல்லுக்கும் புதிய சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான், பழையதற்குக் கொஞ்சம் மிடுக்கு அதிகம். பட்டு வேட்டி போல, விசேஷ நாளில் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சொற்கள் அந்தக் காலத்தில் வேலைக்காரச் சொற்கள். ஒருவரா பலரா, வருகிறாரா போகிறாரா, விருப்பமா கட்டளையா என்று ஏதோ ஒரு வேறுபாட்டை ஒவ்வொன்றும் சுமந்தது. இன்றைய ஆங்கிலம் அந்தச் சுமைகளில் பலவற்றை இறக்கி வைத்துவிட்டது. தமிழ் இன்னும் தோளில்தான் வைத்திருக்கிறது. அதனால் இச்சொற்களில் சில, லண்டனில் பிறந்த பிள்ளையைவிடத் திருநெல்வேலிப் பிள்ளைக்குச் சீக்கிரம் பிடிபடும்.

தொடங்குமுன் ஒன்று. இவற்றை 'ஓல்ட் இங்கிலீஷ்' என்று சொல்லவேண்டாம். அது ஏறக்குறைய 1100-க்கு முற்பட்ட ஆங்கிலத்தின் பெயர். தனியே படிக்காத ஆங்கிலேயருக்கு அதில் ஒரு வரியும் புரியாது. நாம் பேசப்போகும் சொற்கள் பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் நடமாடியவை. உச்சரிப்பைப் பொறுத்தவரை, 'தௌ', 'தீ', 'தென்ஸ்' ஆகியவற்றில் வரும் தகரத்தை 'அது' என்பதில் வரும் தகரம் போலச் சொல்லவேண்டும்.

எதை வைத்து நிறுப்பது

நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, வேறுபாடு. இன்றைய சொல் சொல்லாத எதையாவது பழைய சொல் சொல்கிறதா? சொல்லவில்லையென்றால் அதைத் தொடக்கூட வேண்டியதில்லை.

இரண்டாவது, இன்று படிப்பவரின் காது. 1600-இல் அந்தச் சொல் எப்படி ஒலித்தது என்பது ஒரு விஷயம்; இன்று எப்படி ஒலிக்கிறது என்பது வேறு விஷயம். இரண்டும் எதிரெதிராகப் போன இடங்கள் உண்டு.

மூன்றாவது, இழுத்து வரும் சுற்றம். சில சொற்கள் தனியாக வருவதில்லை. ஒன்றை அழைத்தால் வினைமுற்று, வேற்றுமை, உடைமைச்சொல் என்று குடும்பமே வந்து இறங்கும். மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இதுதான்.

நான்காவது, தவறினால் யாருக்கு நட்டம். நாடகத்தில் தவறினால் நாலு பேர் சிரிப்பார்கள். ஒப்பந்தத்தில் தவறினால் வழக்கு.

தௌ, யீ, யூ

ஒருவரைக் குறித்தால் 'தௌ'. பலரைக் குறித்தால் 'யீ'. இவை எழுவாயாக வரும்போது. செயப்படுபொருளாக வந்தால் 'தௌ' என்பது 'தீ' ஆகும், 'யீ' என்பது 'யூ' ஆகும். அதாவது இன்று எல்லா இடத்திலும் ஆட்சி செய்யும் 'யூ' ஒரு காலத்தில் 'உங்களை', 'உங்களுக்கு' என்ற மூலையில் மட்டும் உட்கார்ந்திருந்த சொல். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் இந்தக் கணக்கை ஏறக்குறையப் பிசகாமல் காக்கிறது. 'நீங்கள் என்னைத் தேர்ந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தேர்ந்துகொண்டேன்' என்ற பொருளில் வரும் வசனத்தில் முதலில் 'யீ', பிறகு 'யூ'.

இந்த வேறுபாடு எவ்வளவு பயன்படும் என்பதற்கு யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பார்க்கலாம். இயேசு நிக்கொதேமுவிடம் பேசுகிறார். தமிழில் 'நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும் என்று நான் உனக்குச் சொன்னதைக்குறித்து' என்று வருகிறது. சொல்வது ஒருவனிடம், பிறக்கவேண்டியவர்கள் எல்லாரும். 1611 ஆங்கிலத்தில் 'தீ' என்றும் 'யீ' என்றும் பிரித்துக் காட்டமுடிந்தது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ'. அடிக்குறிப்பு போட்டுத்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது. தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

எண்ணிக்கையோடு நின்றிருந்தால் கதை எளிது. 13-ஆம் நூற்றாண்டு முதல் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து, பெரியவர் ஒருவரையே பன்மையில் அழைக்கும் பழக்கம் இங்கிலாந்தில் பரவியது. நம் 'நீங்கள்' போலத்தான். அதன்பின் 'தௌ' என்பது நெருக்கமானவர்க்கும் கீழ்நிலையில் உள்ளவர்க்கும் கோபத்துக்கும் உரிய சொல்லாகிவிட்டது. 1603-இல் வால்டர் ராலே மீது நடந்த ராஜத் துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் அவரைத் துரோகி என்று ஏசியதோடு, 'உன்னை நான் தௌ என்றே சொல்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே 'தௌ' போட்டார். நம் செய்தித்தாள்களில் 'அதிகாரியை ஒருமையில் பேசினார்' என்று ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி வருமே, அதே சங்கதி. சற்றுப் பின்னால் வந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், மனிதர் அனைவரும் சமம் என்று சொல்லி நீதிபதி உட்பட எல்லாரையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். அதற்காக வசவும் அடியும் பட்டார்கள்.

இனி வேடிக்கை. 'தௌ' அன்றாடப் பேச்சிலிருந்து போய், யார்க்‌ஷர் போன்ற வட்டாரப் பேச்சுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டது. பொதுமக்கள் காதில் அது விழும் இடம் தேவாலயம் ஒன்றுதான் என்றானது. வேலைக்காரனையும் நாய்க்குட்டியையும் அழைத்த அதே சொல், கடவுளை மட்டுமே அழைக்கும் சொல்லாக எஞ்சியதால், மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று இன்றைய காதுக்குப் படுகிறது. பொருள் அப்படியே குப்புறக் கவிழ்ந்துவிட்டது.

முருகன் பாடல்காரரின் இக்கட்டு இங்கேதான். தமிழில் நாம் இறைவனை 'நீ' என்கிறோம். 'அப்பன் நீ அம்மை நீ ஐயனும் நீ' என்று அப்பர் பாடும்போது அதிலே வீட்டு வாசனை இருக்கிறது. மாமனும் மாமியும்கூட அடுத்த அடியில் வந்துவிடுகிறார்கள். அந்த 'நீ'க்கு இலக்கணப்படி நேர் சொல் 'தௌ'. ஆனால் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் காதில் அது கல் தூண்களுக்கு நடுவே எதிரொலிக்கிறது. மடியில் உட்கார்ந்த குழந்தை திடீரென்று அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டது போல ஆகிவிடும். 'யூ' போட்டால் நெருக்கம் கிடைக்கும், ஒருமை போகும். எதை எடுத்தாலும் ஒன்றை இழந்தாகவேண்டும்.

பெரியவர்கள் எப்படித் தேர்ந்தார்கள் என்று பார்க்கலாம். ஜி.யு. போப் 1900-இல் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பில் சிவனை 'தௌ' என்றார். அவர் காலத்துக்கும், அவர் ஒரு பாதிரியார் என்பதற்கும் அது இயல்பு. ஏ.கே. ராமானுஜன் 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கியபோது 'யூ' என்றார். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்பதில் 'ஞாய்' என்றால் உன் தாய். ஒற்றைச் சொல்லில் முன்னிலை உறவு அடங்கிய அந்தச் சொல்லைத் தமிழே கைவிட்டுவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையை ஆங்கிலத்தில் காட்ட அவர் 'தௌ'வைத் தேடவில்லை. காதலன் பேச்சு காதலன் பேச்சாக இருந்தால் போதும் என்று விட்டார்.

நடுவழி ஒன்றும் உண்டு: கடவுளுக்கு மட்டும் 'தௌ', மனிதருக்கு 'யூ'. 1952-இல் முழுமையாக வெளிவந்த திருத்தப்பட்ட அமெரிக்க விவிலியம் இதைத்தான் செய்தது. அதன் அடுத்த பதிப்பு 1989-இல் வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். நடுவழியின் செலவு என்னவென்றால், மூலத்தில் கடவுளுக்கும் மனிதருக்கும் ஒரே சொல் இருக்க, மொழிபெயர்ப்பவர் தாமாக ஒரு மதிலை எழுப்புகிறார். முருகன் குறத்தியோடும் பேசுகிற பாட்டில் இது பெரிய உறுத்தல்.

சுற்றத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 'தௌ' வந்தால் 'ஆர்' போய் 'ஆர்ட்' வரும். 'ஹேவ்' போய் 'ஹேஸ்ட்'. 'வில்' போய் 'வில்ட்'. மற்ற வினைகளுக்கு 'எஸ்ட்' விகுதி. இறந்த காலத்தில் 'லவ்ட்ஸ்ட்' போல நாக்கு சுளுக்கும் வடிவங்கள் வரும். பாட்டில் வைத்தால் பாடகர் உங்களை மன்னிக்கமாட்டார். 'எத்' என்று முடியும் 'கோயத்', 'ஹேத்', 'டத்' எல்லாம் படர்க்கை ஒருமைக்கு உரியவை. 'நான்' என்பதோடு 'எத்' சேர்ப்பவர்கள் ஏராளம். 'நான் போகிறான்' என்பது எப்படியோ அப்படித்தான் அது. உடைமைக்கு 'தை', 'தைன்' இரண்டும் உண்டு. மெய்யொலிக்கு முன் 'தை', உயிரொலிக்கு முன் 'தைன்'. நமக்கு 'ஒரு நாடு', 'ஓர் ஊர்' தெரியும், அதே பழக்கம். 'அது உன்னுடையது' என்று தனித்து முடியும் இடத்திலும் 'தைன்'தான்.

என் தீர்ப்பு: பக்திப் பாடலில் நெருக்கம் மேலோங்கினால் 'யூ'. கும்பிட்டுப் போற்றும் அடைமொழிகள் நிறைந்த பாட்டு என்றால் 'தௌ' பொருந்தும்; சுற்றத்தை முழுவதும் சமாளிக்க முடிந்தால் மட்டும். 17-ஆம் நூற்றாண்டு நாடகம் எழுதுகிறவருக்கு இரண்டுமே தேவை, ஏனென்றால் அங்கே மாற்றம்தான் நாடகம். நேற்றுவரை 'நீ' என்றவர் இன்று 'நீங்கள்' என்றால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? என் பள்ளி நாடகத்தில் படைத்தலைவனான நான் மன்னரைப் பார்த்து 'தௌ' என்றேன். வசனம் எழுதியவர் அதை மரியாதை என்று நினைத்துவிட்டார். தமிழில் அது கும்பிடு போட்டுவிட்டு 'வாடா' என்பதற்குச் சமம்.

ஒரு கிளைக்கதை. பழைய மதுக்கடைப் பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று எழுதுகிறார்களே, அந்த 'யீ'க்கும் 'நீங்கள்' என்ற 'யீ'க்கும் உறவே இல்லை. ஆங்கிலத்தில் 'தார்ன்' என்று ஒரு பழைய எழுத்து இருந்தது. அதன் ஒலி தகரம். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுகளில் அந்த எழுத்து இல்லாததால், பார்வைக்கு அதைப் போலிருந்த வேறோர் எழுத்தைப் போட்டு ஒப்பேற்றினார்கள். எழுதியது எப்படி இருந்தாலும் படிக்கவேண்டியது 'த' என்று தொடங்கும் சாதாரணச் சுட்டுச்சொல்தான்.

ஹியர், ஹிதர், ஹென்ஸ்: ஒன்பது அறைகள்

இந்தக் கூட்டத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் சுட்டெழுத்துகளும் வினாவெழுத்தும் போதும். இ, அ, எ. ஆங்கிலத்தில் ஹகரத்தில் தொடங்கினால் இ, தகரத்தில் தொடங்கினால் அ, வகரத்தில் தொடங்கினால் எ.

| | இ | அ | எ |
|---|---|---|---|
| இடத்தில் | ஹியர் | தேர் | வேர் |
| இடத்துக்கு | ஹிதர் | திதர் | விதர் |
| இடத்திலிருந்து | ஹென்ஸ் | தென்ஸ் | வென்ஸ் |

முதல் வரிசை இன்றும் உயிரோடு இருக்கிறது. மற்ற இரண்டையும் ஆங்கிலம் மெல்லக் கைவிட்டது. ஜெர்மன் இன்னும் 'வோ', 'வோஹின்', 'வோஹேர்' என்று மூன்றாகத்தான் கேட்கிறது. நாமும் முழு யோக்கியர்கள் இல்லை. 'எங்கே இருக்கிறாய்', 'எங்கே போகிறாய்' இரண்டுக்கும் ஒரே 'எங்கே'யைப் போட்டு ஒப்பேற்றுகிறோம். 'எங்கிருந்து' மட்டும் தனியாக நிற்கிறது. இதனால்தான் தமிழர்கள் 'விதர்', 'வென்ஸ்' இரண்டில் பெரும்பாலும் 'விதர்' பக்கம் சறுக்குகிறார்கள்.

நாடகக்காரருக்கு விடை வந்துவிட்டது: தூதன் எங்கிருந்து வருகிறான் என்பதால் 'வென்ஸ்'. அரசன் தூதனிடம் பேசுவதால் 'தௌ'. அதனால் வினை 'கமஸ்ட்'. 'வென்ஸ் கமஸ்ட் தௌ?' மூன்றே சொல். ஒன்று பிசகினாலும் மற்ற இரண்டும் தள்ளாடும்.

'ஃப்ரம் வென்ஸ்' சரியா என்பது பழைய சண்டை. 'வென்ஸ்' என்பதிலேயே 'இருந்து' அடங்கியிருக்க, முன்னால் இன்னொரு 'ஃப்ரம்' எதற்கு என்பது ஒரு கட்சி. 'கேட்டு வாசல்' போல ஒன்றையே இருமுறை சொல்வது அது. சாமுவேல் ஜான்சன் தம் 1755 அகராதியில் இதைத் தீய வழக்கு என்றே குறித்தார். ஆனால் அவருக்கு நூற்றைம்பது ஆண்டு முன்பே ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தின் 121-ஆம் சங்கீதம், பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கும் அந்த வரியில், 'ஃப்ரம் வென்ஸ்' என்றே எழுதிவிட்டது. பாட்டில் ஓசைக்குத் தேவைப்பட்டால் 'ஃப்ரம்' சேர்க்கலாம், தப்பில்லை. உரைநடையில் நான் சேர்ப்பதில்லை.

இன்று இந்த ஒன்பதில் எதைத் தொடலாம்? 'ஹிதர் அண்ட் திதர்' என்ற இணைமொழி பிழைத்திருக்கிறது. 'அங்குமிங்கும்' என்று பொருள். ஆங்கிலேயர் தம் காலடியிலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போகிறார். நாம் தூரத்திலிருந்து காலடிக்கு வருகிறோம். 'தென்ஸ்' மேற்கத்திய நிலப் பத்திரங்களில் இன்னும் வேலை செய்கிறது: இந்தக் கல்லிலிருந்து கிழக்கே இத்தனை அடி, 'தென்ஸ்' வடக்கே இத்தனை அடி என்று எல்லை நடந்து போகும். அங்கே வேறு சொல் போட்டால் நீளும், தெளிவு கூடாது. 'திதர்', 'விதர்' இரண்டும் மேடைக்கு வெளியே வந்தால் கேலியாகத்தான் ஒலிக்கும்.

'ஹென்ஸ்' மட்டும் தனிக் கதை. இடத்திலிருந்து காலத்துக்கும், காலத்திலிருந்து காரணத்துக்கும் அது குடிபெயர்ந்தது. 'டூ இயர்ஸ் ஹென்ஸ்' என்றால் இன்றிலிருந்து இரண்டாண்டு கழித்து. வேறொரு நாளிலிருந்து எண்ணவேண்டிய இடத்தில் இதைப் போடக்கூடாது. காரணப் பொருளில் அது நமக்கு நன்கு பழக்கம். கணக்குத் தேர்வில் கடைசி வரியில் 'ஹென்ஸ் ப்ரூவ்ட்' எழுதாமல் தேறியவர் யார்? இங்கே போட்டிக்கு வருபவை 'தஸ்', 'தேர்ஃபோர்'. 'தஸ்' என்பது அடிப்படையில் 'இவ்வாறு'. முறையைச் சொல்கிறது, காரணம் பின்னால் வந்து சேர்ந்தது. 'தேர்ஃபோர்' என்பது 'ஆகவே'. அதன் பின்னால் முழு வாக்கியம் எதிர்பார்க்கப்படும். 'ஹென்ஸ்' அடுத்து வினையே இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லோடு முடிந்துவிடலாம், 'இதனாலேயே இப்பெயர்' என்பது போல. இந்தச் சுருக்கம் தேவைப்படும் இடத்தில் 'ஹென்ஸ்' எடுங்கள். ஒவ்வொரு பத்தியையும் அதில் தொடங்கினால் விடைத்தாள் வாடை அடிக்கும்.

இந்தக் குடும்பத்தில் மிக அதிகம் ஏமாற்றிய சொல் 'வேர்ஃபோர்'. மாடத்தில் நின்று ஜூலியட் கேட்கும் கேள்வியில் அது வருகிறது. நெற்றியில் கை வைத்து இருட்டில் ரோமியோவைத் தேடும் நடிகைகள் உலகமெங்கும் உண்டு. அவள் 'எங்கே இருக்கிறாய்' என்று கேட்கவில்லை. 'ஏன் நீ ரோமியோவாக இருக்கிறாய்' என்கிறாள். பகைக் குடும்பத்தின் பெயர் உனக்கு எதற்கு என்பது அவள் துயரம். 'தேர்ஃபோர்' என்றால் 'அதனால்'. 'வேர்ஃபோர்' என்றால் 'எதனால்'. அ, எ இரண்டும் இங்கேயும் கைகொடுக்கின்றன.

ஷல், வில்

பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: தன்மைக்கு 'ஷல்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்', இது வெறும் எதிர்காலம். மாற்றிப் போட்டால் உறுதி, கட்டளை, வாக்குறுதி. 1653-இல் இந்த விதியை எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ். கணிதத்தில் முடிவிலிக்குப் படுத்த எட்டு போன்ற குறியைத் தந்த அதே மனிதர். கணக்கர் எழுதிய இலக்கணம் என்பது அதன் சமச்சீரைப் பார்த்தாலே தெரியும். ஆற்றில் விழுந்த வெளியூர்க்காரர் 'ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ' என்று கத்தியதாக இலக்கண ஆசிரியர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. 'மூழ்கிவிடுவேன், யாரும் காப்பாற்றமாட்டார்கள்' என்பது அவர் நினைத்தது. விதிப்படி கேட்டவர்களுக்கு 'மூழ்கியே தீருவேன், ஒருவனும் என்னைக் காப்பாற்றக்கூடாது' என்று காதில் விழுந்ததாம். அவர் விருப்பத்தை மதித்துக் கரையில் நின்றார்களாம்.

உரையாடலில் இந்த விதி இன்று செத்தது. 'போகலாமா' என்று கேட்கும் 'ஷல் வீ' மட்டும் இருக்கிறது. அதனால் கதையோ கடிதமோ எழுதுகிறவர் 'வில்' போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

பத்திரம் வேறு உலகம். அங்கே 'ஷல்' என்றால் கடமை: 'வாடகைதாரர் மாதம் 5-ஆம் தேதிக்குள் வாடகை செலுத்தவேண்டும்'. அதை 'வில்' என்று மாற்றினால் 'செலுத்துவார்' என்றாகி, கடமையா வெறும் முன்னறிவிப்பா என்ற ஐயத்துக்குக் கதவு திறக்கும். அதற்காக 'ஷல்' அசைக்கமுடியாத பாறை என்றும் நினைக்கவேண்டாம். இந்திய அரசியலமைப்பின் 320-ஆம் பிரிவு, அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பதைப் பற்றி 'ஷல்' என்றுதான் பேசுகிறது. உத்தரப் பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவாவுக்கும் நடந்த வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் அது கட்டாயமல்ல, வழிகாட்டுவது மட்டுமே என்று தீர்ப்பளித்தது. அதாவது ஒரே சொல் சில இடத்தில் கட்டளை, சில இடத்தில் அறிவுரை. எது எது என்று சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டும்.

இந்தத் தொல்லைக்காகவே அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் திருத்தி எழுதியபோது 'ஷல்'லை நீக்கி, கடமை வரும் இடத்தில் 'மஸ்ட்' போட்டார்கள். எனக்கும் அதுவே பிடிக்கிறது. புதிதாக எழுதும் ஒப்பந்தத்தில் கடமைக்கு 'மஸ்ட்', உரிமைக்கு 'மே', நடக்கப்போவதற்கு 'வில்'. ஏற்கெனவே முழுவதும் 'ஷல்'லில் எழுதப்பட்டு இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் பாதியை மட்டும் மாற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஒரே பத்திரத்தில் இரண்டு சொல் இருந்தால், இரண்டு பொருள் உண்டு என்று வாதிட எதிர்த்தரப்புக்கு இடம் கிடைக்கும். வாடகை ஒப்பந்த நண்பருக்கு நான் சொன்னது: இந்த ஆண்டு தொடாதீர்கள், புதுப்பிக்கும்போது ஒரு வழக்கறிஞரை வைத்து முழுவதையும் ஒரே கையில் மாற்றுங்கள்.

யெஸ், யே, நோ, நே

ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'ஆம்', 'இல்லை' இரண்டும் இரட்டையாக இருந்தன. 'வந்தானா?' என்ற கேள்விக்கு 'யே', 'நே'. 'வரவில்லையா?' என்ற எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. வில்லியம் டின்டேல் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் 'நே' வரவேண்டிய இடத்தில் 'நோ' எழுதிவிட்டார் என்று தாமஸ் மோர் 1532-இல் கண்டித்தார். விதியை விளக்கப் புகுந்த இடத்தில் அவரே அதைத் தலைகீழாக எழுதிவிட்டது தனி நகைச்சுவை.

இது போனதால் நட்டம் நமக்குத்தான். 'நீ சாப்பிடவில்லையா?' என்றால் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்பது நம் முறை. அதையே ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று தொடங்கினால் சாப்பிட்டுவிட்டதாக ஆகிவிடும். பழைய நான்கும் இருந்திருந்தாலும் நம் முறை அதில் பொருந்தியிராது, ஆனால் கேட்பவர் எச்சரிக்கையாகவாவது இருந்திருப்பார். இன்று 'யே'யைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை. அதற்கு அண்டை வீட்டுக்காரரான 'ஐ' மட்டும் நாடாளுமன்ற வாக்கெடுப்புகளில், லண்டனிலும் டெல்லியிலும், ஆதரவுக் குரலாகப் பிழைத்திருக்கிறது.

லேட், எர்ஸ்ட்வைல், ஹிதர்டு

இவற்றில் தயங்க அதிகம் இல்லை. 'லேட்' என்றால் பெரும்பாலும் காலஞ்சென்றவர். 'எர்ஸ்ட்வைல்' என்றால் முன்னாள். ஆள் உயிரோடு இருக்கலாம், ஊரோ மாகாணமோ நிறுவனமோ ஆகவும் இருக்கலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது அரிதாகி, கொஞ்சம் குறும்பாக ஒலிக்கிறது. இந்தியச் செய்தித்தாள்களிலோ பழைய சென்னை மாகாணத்தைக் குறிக்க இன்றும் சாதாரணச் சொல். நம் நாட்டு வாசகருக்கு எழுதினால் கூசாமல் போடலாம். வெளிநாட்டுக்குப் போகும் கட்டுரை என்றால் 'ஃபார்மர்' போதும். 'ஹிதர்டு' இதுவரை என்பதற்கு. அதுவும் இன்றோடு மாறப்போகிறது என்ற சாயல் அதில் உண்டு. 'ஹியர்டுஃபோர்' அதே பொருளைப் பத்திர வாடையோடு தரும். பத்திரத்துக்கு வெளியே அதற்கு வேலையில்லை.

ஓய்வுபெற்ற மேலாளருக்கு நன்றி மடல் எழுதிய ஓர் இளைஞர் அவரை 'மை லேட் மேனேஜர்' என்று குறிப்பிட்டு, என்னிடம் சரிபார்க்க அனுப்பினார். நல்லவேளையாக, முதலில் மேலாளருக்கு அனுப்பவில்லை.